மூடி பொருந்துகிறதா?

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அடுக்கி நிற்கும் கன்டெய்னர்கள் துல்லியமானவை. 40 அடி என்றால் 40 அடிதான். எந்த நாட்டில் செய்தாலும் அகலம் 8 அடி. மூலைத் துளை தள்ளிப்போனால் கிரேன் கவ்வாது, பெட்டிமேல் பெட்டி உட்காராது, நடுக்கடலில் ஆள் உயிருக்கே ஆபத்து. அங்கே பிசகுக்கு இடமே இருக்கக்கூடாது. ஆனால் அதே கண்ணோடு ஓலைப்பெட்டியையும் பார்க்கப் பழகிவிட்டோமே, அதுதான் என் வருத்தம்.

அதே கடலோரத்தில், வடக்கே பழவேற்காட்டில் பனையோலை முடைகிறார்கள். பெரும்பாலும் பெண்கள், அதிலும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள் அதிகம். வீட்டு வேலைகளுக்கு நடுவே செய்கிறார்கள். குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, கீற்றுக் கீற்றாகக் கிழிக்கிறார்கள். சில கீற்றுகளைக் கொதிக்கும் சாயத்தில் போட்டு எடுக்கிறார்கள். முடையும்போது ஓலை முறிந்துவிடாமல் இருக்க ஈரத்துணியில் சுற்றி வைக்கிறார்கள்.

ஒரு பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ஓலை அடியில் அகலம், நுனியில் குறுகல். எவ்வளவு சீராகக் கிழித்தாலும் அந்தச் சரிவு எங்காவது தலைகாட்டும். இளம் ஓலை சாயத்தை ஆழமாகக் குடிக்கும். கொஞ்சம் முற்றியது குடிக்காது. அதனால் ஒரே சிவப்பு மூன்று சிவப்பாக ஓடுகிறது. மாலையில் விட்ட இடத்தில் மறுநாள் காலை தொடங்கினால் கை இறுக்கம் மாறும். அந்த வரி விரலுக்குத் தெரியும். அங்கே முடைந்துகொண்டிருந்த ஓர் அக்காவிடம் இந்த நிற வேறுபாட்டைப் பற்றிக் கேட்டேன். “இது முத்தல் ஓலைம்மா, சாயம் புடிக்காது. இதையெல்லாம் கழிச்சா வாங்குன ஓலைல பாதிதான் மிஞ்சும்” என்றார். ஆர்டர் கொடுப்பவர்கள் எல்லாம் ஒரே சைஸில் கேட்பதால் அட்டையில் அளவு வெட்டி வைத்திருந்தார். அதில் வைத்துப் பார்த்துப் பார்த்து முடைந்தார்.

வாங்குபவர் ஒரே மாதிரி கேட்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது முக்கியமாகத் துணிக்காக. பழவேற்காட்டுக் கட்டம்போட்ட துணி தென்கிழக்கு ஆசியாவரை போனது. அதைக் கொடுத்து வாசனைப் பொருள் வாங்கினார்கள். அந்த வணிகக் கம்பெனிகள், மாதிரிக்கு வைத்திருந்த துணியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். நீளம் குறைந்தாலோ இழை தடித்தாலோ தரத்தைக் குறைக்கும் அல்லது திருப்பி அனுப்பும்.

இதற்கு நேர்மாறாகவும் ஒரு கதை நடந்திருக்கிறது. சென்னைக் கட்டத்துணி 1958 வாக்கில் அமெரிக்காவுக்குப் போய், ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டையாக விற்றது. துவைத்தால் சாயம் போகும் என்று வாங்கியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. புகார் குவிந்தது. பிறகு விளம்பரக்காரர்கள் அந்தக் குறையையே பெருமையாகத் திருப்பினார்கள்: சாயம் கசிவது உறுதி, துவைக்கத் துவைக்க நிறங்கள் ஒன்றில் ஒன்று கலந்து அழகு கூடும் என்று சொல்லி விற்றார்கள். துணி மாறவில்லை, பார்க்கும் கண்தான் மாறியது. அந்தக் கதை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் அதை முழுசாக ஏற்க மனம் வரவில்லை. சாயம் போகும் என்பதை வாங்குபவரிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கைவேலை என்ற பெயரில் எதையும் மன்னித்துவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. அடி பிரியும் பெட்டி கெட்ட பெட்டிதான். விளிம்புத் தையல் இரண்டே வாரத்தில் அவிழ்ந்தால் அதில் கலை எதுவும் இல்லை. நிறம் மாறுவதும் வரி சற்றே சாய்வதும் வேறு. அவை ஓலையும் கையும் சேர்ந்த இடத்தில் தவிர்க்க முடியாமல் வருபவை. அவற்றை அழிக்க வேண்டுமென்றால் ஓலைக்குப் பதில் பிளாஸ்டிக் வயரை எடுக்க வேண்டியதுதான்.

‘குறையும் அழகு’ என்று இப்போது நிறையப் பேர் சொல்கிறோம். சொல்லிவிட்டு, கோணலாக இருப்பதைத் தனியே எடுத்துக் காட்டிப் பத்து ரூபாய் குறைக்கிறோம். இரண்டும் ஒரே வாயால் சொல்லக்கூடியதா? முத்தல் ஓலையைக் கழித்தால் அந்த நஷ்டம் முடைபவருக்கு, கழிக்காவிட்டால் விலைக்குறைப்பும் அவருக்கே. அழகை ரசிப்பது மட்டும் நமக்கு.

மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை எத்தனையோ கம்பெனிகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊழியர்களுக்குப் பரிசு கொடுக்கின்றன. அவற்றில் ஒன்று நூறு ஓலைப்பெட்டிக்கு ஆர்டர் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஆர்டர் தாளில் நான் எழுதச் சொல்வது இதுதான்: மூடி பொருந்த வேண்டும், அடி கனம் தாங்க வேண்டும், விளிம்பு அவிழக்கூடாது. நிறமும் வரியும் பெட்டிக்குப் பெட்டி மாறலாம், அதற்காக விலை குறையாது. முன்பணம் ஓலை வாங்கும் நாளிலேயே தரப்படும்.