இராமபாணமும் ஏடும்

சென்ற ஐப்பசி அடைமழையின்போது, மொரப்பூரில் எங்கள் வீட்டு மர அலமாரியைத் திறந்து, என் பாட்டனார் நித்தியம் ஓதிவந்த தேவாரப் புத்தகத்தை எடுத்த கணத்தில், அதன் முதுகிலே பூசிய பசையைத் தின்றுகொண்டிருந்த இராமபாணப் பூச்சியொன்று, வெள்ளிச் சரிகை இழைபோல் மின்னி என் விரல்மேல் ஓடிற்று. நசுக்க எழுந்த மறு கை அந்தரத்திலே நின்றது. ஞானத்தைச் சுமக்கும் நூலைக் காப்பதற்காக ஒரு பிராணியின் உயிரைப் போக்குவது தர்மமாகுமா?

இராமன் எய்த அம்பு மராமரம் ஏழினையும் துளைத்ததுபோல் ஏடுகளை ஊடுருவுவதால் அப்பெயர் வந்தது என்பர். ஆயினும், இறகின்றி, வாலில் மூன்று இழைகளோடு, ஆயுள் முழுதும் தோலுரித்து வளரும் இச்சிற்றுயிருக்கு நூலின்மீது துவேஷம் யாதுமில்லை. இருளும் ஈரமும் மாவுப்பசையும் ஒருங்கே வாய்த்த இடம் அதற்கு வீடு. அவ்வீட்டை அமைத்துக் கொடுத்தவன், புத்தகத்தைப் பல்லாண்டு தொடாமல் பூட்டிவைத்த நானே அன்றோ?

தில்லையில் பூட்டிய அறைக்குள் தேவார ஏடுகள் செல்லரித்துக் கிடந்தன என்றும், எஞ்சியவற்றை இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டனர் என்றும் சைவ மரபு கூறும். எங்கள் மண்ணுக்கே உரிய நஷ்டமும் ஒன்றுண்டு: அதியமானின் தகடூர்மீது சேரன் படையெடுத்த போரைப் பாடிய தகடூர் யாத்திரை முழுநூலாக நமக்குக் கிட்டவில்லை, புறத்திரட்டைத் தொகுத்தவரும் உரையாசிரியர்களும் எடுத்தாண்ட செய்யுட்களே பிழைத்தன.

கொல்லாமையைப் பரம தர்மமாகக் கொண்ட சமணர், ஆண்டுதோறும் சுருத பஞ்சமியன்று சாஸ்திர நூல்களை வெளியே எடுத்து, தூசி போக்கி, பூஜித்து, ஓதுகின்றனர். நூலைக் காக்கக் கொலை வேண்டுவதில்லை, வெளிச்சமும் காற்றும் வாசிக்கும் கையும் போதும் என்பதற்கு அவ்வாசாரத்தினும் தெளிவான சான்றை நான் அறியேன்.

பூச்சியைத் திண்ணைக்குக் கொண்டுபோய்த் தட்டிவிட்டேன். விரலில் வெள்ளித்துகள் சிறிது ஒட்டியிருந்தது. மழை விட்ட மறுநாள், புத்தகத்தை விரித்துக் காற்றாட வைத்தபோது, பசை போன தாளொன்று கழன்று மடியில் விழுந்தது. அதிலிருந்த பதிகத்தைப் பாட்டனார் இருட்டிலும் பிழையின்றிப் பாடுவார். எனக்கோ முதலடிகூட வரவில்லை. அந்தத் தாளைக் கையிலேந்தி, எழுத்தெழுத்தாய், வாய்விட்டு ஓதத் தொடங்கினேன்.