தொழிற்கல்வியும் வாக்குறுதியின் அறமும்: சமுதாயக் கல்லூரிகளை முன்வைத்து ஒரு நோக்கு

கல்வி எதற்காக என்னும் வினா புதியதன்று. மனிதரைப் பண்படுத்துவதே அதன் பயன் என்போர் ஒரு சாரார். பிழைப்புக்கு வழிகாட்டாத கல்வியாற் பயனில்லை என்போர் மறு சாரார். கலைப்பீட மாணவராகிய நாம் இவ்வினாவை நூல்களிற் படிக்குமுன்னரே வீட்டு விறாந்தையிற் கேட்டுவிடுகின்றோம். "இதைப் படிச்சு முடிச்சு என்ன செய்யப் போறாய்? ஒரு கொம்பியூட்டர் கோர்ஸ் எண்டாலும் செய்து வை" என்று உறவினர் கூறும் அறிவுரையில் அன்பும் உண்டு, அச்சமும் உண்டு. அதனை எள்ளி நகையாடுவது எளிது. ஆயினும், வேலையின்மையின் நிழலிலிருந்து கற்கும் ஒருவருக்கு அது நகைப்புக்குரிய விடயமன்று.

மேற்கூறிய இரு சாராருள் எவர் பக்கம் நியாயம் உண்டு எனத் தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவ்விரு சாராருமே பெரும்பாலும் கேளாது விடும் பிறிதொரு வினாவை இங்கு எழுப்ப விரும்புகின்றேன். "இதைக் கற்றுக்கொள், உனக்கு வேலை கிடைக்கும்" என்று ஒரு கல்வி நிறுவனம் இளைஞரை அழைக்குமாயின், அவ்வழைப்பினால் அது ஏற்றுக்கொள்ளும் அறப்பொறுப்பு யாது? இவ்வினாவை ஆராய்வதற்கு ஐக்கிய அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகள் தக்க களமாகும். உயர்கல்வியையும் தொழிற்பயிற்சியையும் ஒரே கூரையின் கீழ் நடத்திய நெடுங்கால அனுபவம் அவற்றுக்கு உண்டு. அவை வழங்கும் தகவல் தொழில்நுட்பக் கல்வியில் இவ்வினா மிகக் கூர்மையாக வெளிப்படுகின்றது.

1901இல் இலினோய் மாநிலத்தின் ஜோலியெட் நகரில் ஆறு மாணவர்களுடன் ஆரம்பமான கனிஷ்ட கல்லூரியே இவ்வகைக் கல்லூரிகளுள் முன்னோடியாகக் கொள்ளப்படுகின்றது. பல்கலைக்கழகப் படிப்பின் முதலிரு ஆண்டுகளை மாணவர் தம் ஊரிலேயே பயில வழிசெய்வதே அதன் ஆரம்ப நோக்கம். பின்வந்த தசாப்தங்களிலே தொழிற்பாடங்களும் படிப்படியாக இடம்பெற்றன. இரண்டாம் உலகப் போரின் முடிவில் படைவீரர் பலர் 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் உதவியுடன் கல்வியை நாடினர். ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த உயர்கல்வி ஆணைக்குழு 1947இல் வெளியிட்ட அறிக்கை, 'சமுதாயக் கல்லூரி' என்னும் பெயரைப் பரவச் செய்தது. குறைந்த கட்டணம், பெரும்பாலும் எவருக்கும் அடைக்கப்படாத வாயில், ஈராண்டுப் படிப்பு என்பன அவற்றின் சிறப்பியல்புகள். அங்கிருந்து பல்கலைக்கழகம் செல்லும் பாதை ஒன்று; நேரே தொழிலுக்குச் செல்லும் பாதை மற்றொன்று. இவ்விரு பாதைகளும் பிரியும் சந்தியிலேதான் நமது அறவினா நிற்கின்றது.

இவ்வினாவின் வேர் இன்னும் பழையது. தொழிற்பாடசாலைகளைத் தனியாக அமைப்பது குறித்து மெய்யியலாளர் ஜோன் டூயிக்கும், மசசூசெற்ஸ் மாநிலக் கல்வி ஆணையாளராயிருந்த டேவிட் ஸ்னெடனுக்குமிடையே 1915இல் ஒரு விவாதம் நிகழ்ந்தது. சமூகத்துக்கு வேண்டிய தொழில்களை இனங்கண்டு, அவற்றுக்கு ஏற்றவாறு மாணவரைத் திறமையாகத் தயார்செய்வதே நேர்மையான சேவை என்பது ஸ்னெடனின் நிலைப்பாடு. டூயி தொழிற்கல்வியை எதிர்த்தவரல்லர். மாறாக, தொழில் வாயிலாகக் கற்பதன் பெருமையைப் பேசியவர். அவர் எதிர்த்தது, இருக்கின்ற கைத்தொழில் ஒழுங்குக்கு ஏற்பத் தொழிலாளியின் பிள்ளையை வளைத்தெடுக்கும் பயிற்சியையே. தன் தொழிலின் அடிப்படையையும் அதன் சமூகப் பொருளையும் விளங்கிக்கொள்பவரே அதனை மாற்றவும் வல்லவர் என்பது அவர் கருத்து. அன்று பேசப்பட்டது உயர்நிலைப் பாடசாலைகளைப் பற்றியாயினும், அவ்விவாதம் சமுதாயக் கல்லூரிகளுக்கும் முழுமையாகப் பொருந்துவதாகும்.

இதன் மறுபக்கத்தைச் சமூகவியலாளர் பேர்ட்டன் கிளார்க் 1960இல் எடுத்துக்காட்டினார். கலிபோர்னியாவின் சான் ஹொசே நகரில் இருந்த கனிஷ்ட கல்லூரி ஒன்றே அவரது ஆய்வுக்களம். பின்னாளில் சிலிக்கன் பள்ளத்தாக்கு எனப் பெயர்பெற்ற பிரதேசத்தின் பெருநகர் அதுவே என்பது கவனிக்கத்தக்கது. பல்கலைக்கழகம் செல்லும் கனவுடன் புகும் மாணவர் பலரை, சோதனைகள், ஆலோசனைகள், பெறுபேறுகள் என்பவற்றின் வழியே, மனம் நோகாதவாறு சிறிது சிறிதாகச் சிறிய இலக்கு ஒன்றுக்கு இணங்கவைக்கும் போக்கை அவர் அங்கு கண்டார். 'ஆற்றிவிடுதல்' எனப் பொருள்படும் ஒரு சொல்லால் அவர் அதனைக் குறித்தார். அச்சொல்லை அவர் கடன்வாங்கியது சமூகவியலாளர் ஏர்விங் கொவ்மன் 1952இல் எழுதிய கட்டுரையிலிருந்து. கொவ்மனோ அதனை எடுத்தது ஏமாற்றுக்காரரின் குழூஉக்குறியிலிருந்து. ஏமாந்தவன் கூச்சலிடாதவாறு அவனை ஆறுதற்படுத்துவதே அச்சொல்லின் மூலப்பொருள். கல்விச் செயல் ஒன்றை விளக்க அத்தகைய சொல்லொன்று பொருந்திவந்தமை நம்மைச் சிந்திக்கத் தூண்டவேண்டும். அண்மைக்கால ஆய்வுகளை நோக்கினும், இக்கல்லூரிகளிற் புகுவோருள் ஐவரில் நால்வரளவினர் நான்காண்டுப் பட்டத்தையே நாடுகின்றனர். ஆறு ஆண்டுகளுள் அதனைப் பெறுவோர் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினரே.

இப்பின்னணியிலேயே தகவல் தொழில்நுட்பக் கல்வியை நோக்குதல் வேண்டும். 1990களிற் கணினி வலையமைப்புகள் பெருகியபோது, அவற்றைப் பராமரிக்க ஆட்கள் வேண்டப்பட்டனர். பல்கலைக்கழகங்கள் மெல்ல அசைந்தன. சமுதாயக் கல்லூரிகள் விரைந்தன. தேசிய விஞ்ஞான மன்றத்தின் உதவியுடன் வாஷிங்டன் மாநிலத்துப் பெல்வியூ சமுதாயக் கல்லூரியில் 1995இல் ஒரு நிலையம் அமைந்து, தகவல் தொழில்நுட்பத் துறையினருக்கு வேண்டிய திறன்களை வரையறுக்கும் பணியில் ஈடுபட்டது. சிஸ்கோ நிறுவனம் 1997இல் ஆரம்பித்த வலையமைப்புப் பயிற்சித் திட்டமும் பல கல்லூரிகளிற் புகுந்தது. வசதியற்ற குடும்பங்களின் பிள்ளைகளும், நடுவயதில் வேலையிழந்தோரும் இவற்றால் நல்ல ஊதியம் பெற்றனர் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இத்துறையின் இயல்பு ஒன்று உண்டு. தச்சன் கற்ற உளி அவன் ஆயுள் முழுவதும் உளியாகவே இருக்கும். கணினித் துறையிலோ கருவி, கற்பவரின் கண்முன்னரே மாறிவிடுகின்றது. நொவெல் நிறுவனத்தின் நெற்வெயார் மென்பொருள் 1990களின் முற்பகுதியில் அலுவலக வலையமைப்புகளிற் கோலோச்சியது. அதன் சான்றிதழைப் பெற்றவருக்கு வேலை நிச்சயம் என்று கருதப்பட்டது. அத்தசாப்தம் முடியுமுன்னரே மைக்ரோசொப்ட்டின் மென்பொருள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. 2000ஆம் ஆண்டில் இணைய வணிக நிறுவனங்களின் பங்குவிலை சரியத் தொடங்கியபோது, வேலை நிச்சயம் என்று நம்பிப் புகுந்தோர் பலர் நட்டாற்றில் நின்றனர். இதற்கு மாறான உதாரணமும் உண்டு. 1959இல் உருவாக்கத் தொடங்கப்பெற்ற கோபோல் என்னும் நிரலாக்க மொழி வழக்கொழிந்ததெனக் கருதிப் பல நிறுவனங்கள் அதனைக் கற்பிப்பதைக் கைவிட்டன. 2020 ஏப்ரலில், பெருந்தொற்றுக் காலத்தில், வேலையிழந்தோரின் விண்ணப்பங்களாற் பழைய கணினித் தொகுதி திணறியபோது, நியூ ஜேர்சி மாநில ஆளுநரே அம்மொழி அறிந்தோரின் உதவியைப் பகிரங்கமாக வேண்டினார். 2022இன் பின்னர் பரவலாகிய செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களோ, தொடக்கநிலை நிரலாளரின் பணியில் ஒரு பகுதியைத் தாமே செய்ய முற்பட்டுள்ளன. வாழும் என்றது மாய்ந்தது. மாய்ந்தது என்றது தேவைப்பட்டது. எதிர்வுகூறலில் எந்தக் கல்லூரியும் வல்லதன்று என்பதையே இவை உணர்த்துகின்றன.

இங்கு எதிர்வுகூறலையும் வாக்குறுதியையும் வேறுபடுத்தி நோக்குதல் அவசியம். எதிர்வுகூறல் பொய்த்தால் அது அறிவின் குறை, அதனை மன்னிக்கலாம். ஆனால் வாக்குறுதி என்பது ஒருவர் மற்றொருவரின் வாழ்க்கையை நோக்கித் தம்மைப் பிணைத்துக்கொள்ளும் செயல். தமது எதிர்வுகூறலையே வாக்குறுதிபோல் உடுத்தி விற்பவர், பொய்க்கும் வேளையில் "சந்தை மாறிவிட்டது, நாம் என் செய்வோம்" என்று கூறி ஒதுங்குவாராயின், நட்டம் முழுவதும் மாணவர் தலையில் விழுகின்றது. செலவழிந்தது அவரது பணம் மட்டுமன்று. மீளப் பெறமுடியாத இளமையின் ஆண்டுகளுமாகும்.

எனது ஊர் நண்பர் ஒருவரின் அனுபவம் இதனை எனக்கு உணர்த்தியது. உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழக அனுமதி கிட்டாதபோது, அவரது தாயார் தமது காப்புகளை அடைவு வைத்து அவரைத் தனியார் கணினி நிலையம் ஒன்றிற் சேர்த்தார். வேலை உறுதி என்று அதன் விளம்பரம் கூறியது. எந்த விசையை எப்போது அழுத்துவது என்று நண்பர் ஒழுங்காகக் கற்றார். ஏன் அழுத்துகின்றோம் என்பதை எவரும் கற்பிக்கவில்லை. நேர்முகப் பரீட்சையில் அவர் முன் வைக்கப்பட்டது அம்மென்பொருளின் புதிய பதிப்பு. திரை வேறுவிதமாக இருந்தது; அவர் திகைத்துப்போனார். "எனக்கு மண்டையில்லை மச்சான்" என்றே அவர் பின்னர் என்னிடம் கூறினார். அச்சொற்களே என்னை அதிகம் வருத்தின. நிறுவனம் காப்பாற்றாத வாக்குறுதிக்கான பழியை அவர் தம்மீதே சுமத்திக்கொண்டார். கிளார்க் கூறிய 'ஆற்றிவிடுதல்' இதுவன்றி வேறென்ன?

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். "பசித்தவருக்கு முதலிற் சோறு, அடிப்படை, சிந்தனை, சமூகப் பொருள் என்பன வயிறு நிறைந்தவரின் ஆடம்பரம்" என்பது அது. இம்மறுப்பை இலகுவிற் புறந்தள்ளுதல் நேர்மையாகாது. ஆறு மாதத்தில் உழைக்கத் தொடங்கவேண்டிய குடும்பநிலை உடையவரிடம் நான்கு ஆண்டு காத்திரு என்று சொல்ல எமக்கு உரிமையில்லை. ஆயினும், இம்மறுப்பு ஒன்றை மறந்துவிடுகின்றது. கருவி மாறும்போது மீண்டும் கற்பதற்கு வேண்டிய அடிப்படை, வசதி படைத்தவரிலும் பார்க்க வசதியற்றவருக்கே அதிகம் தேவை. முன்னவர் இரண்டாம் முறையும் கட்டணம் செலுத்திக் கற்கலாம். பின்னவருக்கு அவ்வாய்ப்பு ஒரு முறையே கிடைக்கின்றது. எனவே, ஏழைக்கு ஏழைக் கல்வி போதும் என்பது இரக்கத்தின் உடையில் வரும் அநீதியாகும்.

அவ்வாறாயின் தொழிற்கல்வி நிறுவனம் தரக்கூடிய நேர்மையான வாக்குறுதி யாது? மூன்று கடமைகளை அது உள்ளடக்கும் என்பது என் கருத்து. முதலாவது, உண்மை கூறுதல். முன்னர் கற்றோருள் எத்தனை பேர் முடித்தனர், எத்தனை பேர் அத்துறையில் வேலை பெற்றனர் என்பதைச் சேருமுன்னரே மாணவருக்குத் தெரிவித்தல் வேண்டும். இரண்டாவது, கருவியின் கீழுள்ளதைக் கற்பித்தல். ஒரு நிறுவனத்தின் வலையமைப்புக் கருவியை இயக்கக் கற்பவர், தரவு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எவ்விதிகளின்படி செல்கின்றது என்பதையும் அறிதல் வேண்டும். கருவி மாறினும் அவ்விதிகள் விரைவில் மாறுவதில்லை. அளவையியல், தெளிவாக எழுதும் ஆற்றல், பிறர் தரவைக் கையாள்வோருக்குரிய ஒழுக்கம் என்பனவும் இதில் அடங்கும். மூன்றாவது, கதவை அடையாதிருத்தல். அமெரிக்கக் கல்லூரிகளிலே குறுகியகாலத் தொழிற்பயிற்சிகள் பல, பின்னர் பட்டப்படிப்பிற் கணக்கிடப்படாமலே போகின்றன. இன்று உழைக்கச் செல்பவர் நாளை மீண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர முடியாதெனின், அது படிக்கட்டன்று, வெறும் திண்ணையே.

இவை அமெரிக்காவுக்கு மட்டும் உரியனவல்ல. நம் நாட்டிலும் 1995ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகம் தகவல் தொழில்நுட்பத்தில் உயர் தேசிய டிப்ளோமாவை வழங்கிவருகின்றது. அத்தகைய நிலையங்களில் பயில்வோரைப் பல்கலைக்கழக மாணவராகிய நாம் ஒருபடி குறைத்து நோக்கும் வழக்கம் நம்மிடம் இல்லையென்று கூறமுடியுமா? உண்மையில், கலைப்பீடமும் குற்றமற்றதன்று. அது விளம்பரம் செய்வதில்லை. ஆயினும் பட்டம் பெற்றால் அரசாங்க உத்தியோகம் வரும் என்னும் சொல்லாத வாக்குறுதியொன்று விரிவுரை மண்டபங்களில் நிலவிவந்துள்ளது. அதனை நம்பியோர் பட்டச் சுருளுடன் வீதியில் அமர்ந்து போராடியதையும் நாம் கண்டுள்ளோம். சொல்லிய வாக்கு பொய்த்தால் கேட்க ஓரிடமுண்டு. சொல்லாத வாக்கு பொய்த்தால் எவரிடம் கேட்பது?

ஆகவே, பண்பாட்டுக் கல்வியா, தொழிற்கல்வியா என்னும் பழைய வழக்கைச் சிறிது ஒதுக்கிவைத்து, இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்க முயல்வோம். தன்னை நம்பி வந்தவரிடம் இந்நிறுவனம் உண்மை பேசியதா? மீண்டும் எழுந்து கற்கும் வலிமையை அவருக்கு அளித்ததா? அவர் திரும்பி வருவதற்கு வாயிலைத் திறந்து வைத்ததா? இவற்றுக்கு ஆம் என்று விடையிறுக்கக் கூடிய கல்வி, கணினிக் கூடத்தில் நிகழ்ந்தாலென்ன, மெய்யியல் வகுப்பில் நிகழ்ந்தாலென்ன, கல்வியென்னும் பெயருக்குத் தகுதியுடையதே. இல்லையென்று விடை வருமாயின், என் நண்பரைப்போலத் தம்மையே பழித்துக்கொள்ளும் இன்னுமோர் இளைஞரை நாம் உருவாக்கிவிட்டோம் என்பதே பொருள்.