பயன்கள், தீமைகள், நத்தை

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வாரம். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய சுண்ணாம்புச் சுவர் இருக்கிறது. அக்கா மகள் மூன்றாம் வகுப்பு. ஏதாவது ஓர் உயிரினத்தைக் கவனித்து சார்ட் செய்துவரச் சொல்லியிருந்தார்கள். கடையில் விற்கிற அச்சடித்த படத்தை வெட்டி ஒட்டினால் வேலை முடிந்துவிடும். "நெஜமா பாத்துத்தான் செய்வேன் மாமா" என்றாள் இவள். மழையில் எங்கே போவது? சுவரில் நத்தைகள் இருந்தன.

நான்கு நாள் பார்த்தோம். பழைய போட்டோ ஃபிரேமிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, அதன்மேல் நத்தையை ஊரவிட்டு, கீழேயிருந்து பார்த்தோம். அதன் ஒற்றைப் பாதத்தில் அலை அலையாக ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்கேல் வைத்து அளந்ததில் நிமிடத்துக்கு ஆறு சென்டிமீட்டர். மேல் கொம்பு இரண்டின் நுனியில் கண். கொம்பைத் தொட்டால் கண்ணையே உள்ளே இழுத்துக்கொள்கிறது. ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோது, "மாமா, செவுத்தத் தின்னுது!" என்று கத்தினாள். உண்மைதான். ஓடு வளரக் கால்சியம் வேண்டும், அதற்காகச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்னும். நாற்பது வருஷமாக அந்தச் சுவர் உதிர்வதற்கு உப்புக்காற்றை மட்டுமே திட்டிக்கொண்டிருந்தேன்.

நீலச் சார்ட்டில் ஓட்டின் சுருளைக் கம்பளி நூலால் ஒட்டினாள். ஊர்ந்த தடத்துக்கு ஃபெவிகாலைக் கோடாக இழுத்தோம். காய்ந்ததும் நிஜத் தடம் மாதிரியே மின்னியது. ஒவ்வொரு நாளும் சுவரில் எண்ணிய கணக்கையும் எழுதினாள்: 11, 14, 9, 12.

அப்புறம்தான் சிக்கல். பள்ளியில் கொடுத்த மாதிரிப்படி கடைசி இரண்டு கட்டங்கள் 'பயன்கள்', 'தீமைகள்'. நாம் எல்லோரும் அப்படி எழுதி வளர்ந்தவர்கள்தானே. பசுவின் பயன்கள், கொசுவின் தீமைகள்.

"மூலத்துக்கு நல்லதுன்னு எழுதுடி" என்றார் அம்மா.

"அது வயல் நத்தைம்மா. இது வேற, இதைத் தொட்டாலே கையைக் கழுவணும்" என்றேன். இது ஆப்பிரிக்கப் பெருநத்தை. இதன் உடம்பில் இருக்கும் ஓர் ஒட்டுண்ணிப் புழு மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் வரவழைக்கும். ஒரே ஈட்டில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும், கண்ட பயிரையும் தின்னும்.

"அப்ப தீமைல எழுது. என் பப்பாளிக் கன்னு அத்தனையும் போச்சு" என்றார்.

இந்த நத்தை இந்தியாவுக்குத் தானாக ஊர்ந்து வரவில்லை. நத்தைகளில் ஆர்வம் கொண்ட பென்சன் என்ற ஆங்கிலேயர் 1847இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கே ஒரு தோட்டத்தில் விடப்பட்டது. அம்மாவின் பப்பாளியும் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்ததுதான். 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய நம் பொட்டானிக்கல் கார்டனில் அப்படி வந்த மரங்களுக்குப் பெயர்ப்பலகை மாட்டி வைத்திருக்கிறோம். இது எங்கள் கொல்லைக்கு எந்த வழியாக வந்ததோ.

பயிருக்குச் சேதம் வருகிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. இந்த நத்தையை அகற்றத்தான் வேண்டும் என்பதிலும் இல்லை. ஆனால் சேதமும் தீமையும் ஒன்றா? வேறு மாதிரி நடந்துகொள்ள முடிந்தும் நடக்காதவன் செய்வதைத்தானே தீமை என்கிறோம்? பசியில் இலையைக் கடிப்பதற்கும் அதே சொல்லைப் போட்டால், அந்தச் சொல்லை வேறு இடத்தில் எப்படிப் பயன்படுத்துவது? எட்டு வயதுப் பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. எனக்கே அன்றைக்குத்தான் தோன்றியது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு வழுக்கல் உண்டு. 1871இல் வெளியான 'மனிதனின் தோற்றம்' நூலில் டார்வின் ஒரு சம்பவம் சொல்கிறார். தீனி குறைவான தோட்டத்தில் ஒருவர் இரண்டு நத்தைகளை விட்டார், ஒன்று நோஞ்சான். தெம்பானது சுவரேறி, தீனி நிறைந்த பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டது. துணையை விட்டுவிட்டது என்று அவர் நினைத்திருக்க, ஒருநாள் கழித்துத் திரும்பி வந்தது. பிறகு இரண்டும் அதே தடத்தில் சுவரைத் தாண்டிப் போயின. படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் இதுவும் நத்தைக்கு நம் முகத்தை மாட்டிப் பார்ப்பதுதானோ? நாங்கள் பார்த்த நத்தைகளில் எதுவும் எதற்காகவும் திரும்பி வரவில்லை.

நான்காம் நாள் ராத்திரி அம்மா உப்புப் பாக்கெட்டை என் கையில் கொடுத்தார். போன வருஷமும் நான்தான் போட்டேன். அப்போது டார்ச்சைத் தரையில் வைத்துவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு தூவினேன். இந்த வருஷம் கையில் பாலிதீன் பையைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி, உப்பைக் கரைத்த வாளியில் போட்டேன். பன்னிரண்டையும் எண்ணித்தான் போட்டேன். கண் கொம்புகள் உள்ளே போவதைப் பார்த்தேன். பார்த்துச் செய்வது மேலா, பார்க்காமல் செய்வது மேலா? பார்த்ததால் நத்தைக்கு ஒன்றும் குறையவில்லை.

காலையில் அவள் பென்சிலோடு சுவர்ப் பக்கம் போனாள். மழை நின்றதால் மண்ணுக்குள் போயிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். பார்த்ததைத்தான் எழுதணும் என்று நான்கு நாளாக அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். சொல்லிவிட்டேன்.

அழவில்லை. "எல்லாத்தையுமா?" என்றாள். பப்பாளியைப் பற்றியும் புழுவைப் பற்றியும் சொன்னேன். தலையாட்டினாள். சார்ட்டை விரித்து ஐந்தாம் நாளுக்கு எதிரே 0 என்று எழுதினாள்.

"மாமா, நீ உப்பு போட்டது பயன்லயா, தீமைலயா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஆட்டோ வந்துவிட்டது. இரண்டு கட்டத்தையும் காலியாகவே விட்டு, 0க்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'மாமா உப்பு போட்டார்' என்று எழுதிச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள்.