பாடு முறையும் பொதுவள அறமும்

பொதுவளம் யாருக்குரியது என்னும் வினாவிற்குப் பொருளியலார் தந்த விடைகளைக் கொச்சிக் கழிமுகத்தின் பாடு முறையோடு ஒப்பிட்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டுப்பாடற்ற மீன்பிடிப்பில் எவருக்கும் ஆதாயம் மிஞ்சாது என 1954இல் எச். ஸ்காட் கார்டன் நிறுவினார். 1968இல் உயிரியலாளர் காரெட் ஹார்டின் பொது மேய்ச்சல் நிலத்தைச் சான்றாக்கி இக்கருத்தைப் பரப்பினார். தனியுடைமை அல்லது அரசின் கட்டுப்பாடு என்பனவே அவர் கண்ட வழிகள். அவர் கற்பனை செய்த மேய்ப்பர்கள் தம்முள் ஒரு சொல்லும் பேசிக்கொள்வதில்லை. ஊர்வழக்கு அறிந்தார்க்கு இது வியப்பாகவே தோன்றும். பயன்கொள்வோரே விதி வகுத்து வளத்தைக் காக்க இயலும் என்று 1990இல் எலினார் ஆஸ்ட்ரம் காட்டினார். 2009இல் நோபல் பரிசும் பெற்றார்.

ஆஸ்ட்ரத்தின் கருத்திற்குக் கொச்சிக் கழிமுகம் தக்க சான்று. இங்கு நீரடியில் கழிகளை நட்டு ஊன்றுவலை கட்டுவர். ஓதம் வடியும்போது இறால் நீரோட்டத்தோடு வந்து வலையில் சேரும். எல்லா இடங்களிலும் ஒரே அளவு இறால் படுவதில்லை. ஆதலின் வலையிடும் இடத்தைக் குலுக்கல்வழி முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். இதுவே பாடு. கென்டன் லோப், ஃபிக்ரெட் பெர்கஸ் ஆகியோர் 2004இல் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். தமிழகத்துப் பழவேற்காட்டு ஏரியிலும் பட்டினவர் ஊர்களிடையே இம்முறை இப்பெயராலேயே வழங்குகிறது. உழைப்பு, துன்பம், இடம், பெருமை எனப் பல பொருள் தரும் இச்சொல், மீன்பாடு என்னும் வழக்கில் கிடைத்த மீனையும் சுட்டுவது ஈண்டுக் கருதத்தக்கது.

குலுக்கல் வலியாரையும் எளியாரையும் ஒன்றாகவே நடத்துகிறது. ஆயினும் அது சங்கத்தில் பெயர் உள்ளார்க்கு மட்டுமே உரியது. பயன்கொள்வோர் எல்லை தெளிவாக வரையறுக்கப்பட வேண்டும் என்பது ஆஸ்ட்ரம் கூறும் நெறிகளுள் முதலாவது. அவ்வெல்லையை வரைவது யார் என்பதை அந்நெறி போதிய அளவு வினவவில்லை என்பது என் கருத்து. பழவேற்காட்டில் அவ்வெல்லை சாதியாக இருந்தது. பட்டினவர் அல்லாத மீனவர்கள் அதனை எதிர்த்து வந்துள்ளனர்.

கொச்சிக் காயலை அடுத்த பள்ளுருத்தியில், வளத்திற்கன்றி வழிபாட்டிற்கு வரையப்பட்ட எல்லை ஒன்றன் நினைவு இன்றும் உள்ளது. அங்குள்ள அழகியகாவு பகவதி கோயிலில் தனு மாதத்தில் புலவாணிபம் என்னும் சந்தை கூடும். தீண்டாமை நிலவிய காலத்தில் புலையர்க்கு அக்கோயிலில் ஒரு நாள் வழிபாட்டுரிமை தரப்பட்டதன் நினைவாக அது நடைபெறுகிறது. ஏனைய நாள்களில் அவர்களை விலக்கி வைத்ததும் சமூகம் தானே வகுத்துக்கொண்ட விதிதான். அதுவும் நெடுங்காலம் ஒழுங்காகவே கடைப்பிடிக்கப்பட்டது. எனவே ஒரு விதி நிலைத்து நின்றமையை அதன் நேர்மைக்குச் சான்றாகக் கொள்ள இயலாது.

இதனால் தனியுடைமையாளர் வாதம் வலுப்பெற்றுவிடாது. அவர்கள் கோரும் வேலி இன்னும் குறுகியது. முறைமாற்றமும் அதில் இல்லை. பாடு முறையைத் தொகுக்கும் வழக்காற்றியல் ஆய்வாளர்கள் குலுக்கலில் இடம்பெற்ற பெயர்களோடு, கரையில் வாழ்ந்தும் இடம்பெறாத பெயர்களையும் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும்.