முழங்காலில் நடந்த மூதாட்டி

1856இல் இங்கிலாந்திலிருந்து மார்மன் சபையினர் பலர் அமெரிக்காவின் யூட்டா நோக்கிப் புறப்பட்டார்கள். மாட்டுவண்டி வாங்க வசதியில்லாதவர்கள், சாமான்களைக் கைவண்டியில் ஏற்றித் தாமே இழுத்து, அமெரிக்காவுக்குள் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் நடந்தார்கள். அவர்களில் ஒரு பிரிவான மார்ட்டின் குழுவில் பெற்றோருடனும் அக்காளுடனும் வந்த நெல்லி பியூசெலுக்கு அப்போது ஒன்பது வயது.

அந்தக் குழு தாமதமாகக் கிளம்பியிருந்தது. வயோமிங் மலைப்பகுதியில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. சில நாள் இடைவெளியில் அப்பாவும் அம்மாவும் இறந்தார்கள். நெல்லியின் கால்கள் உறைந்துபோயின. மயக்க மருந்தில்லாமல், கசாப்புக் கத்தியும் தச்சரின் ரம்பமும் கொண்டு முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். அந்தப் புண் கடைசிவரை ஆறவேயில்லை.

பனியில் மாண்டவர்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். எனக்கோ, அதற்குப் பிறகு நெல்லி வாழ்ந்த ஐம்பத்தெட்டு ஆண்டுகளே பெரிதாகப் படுகின்றன. யூட்டாவின் சீடர் சிட்டியில் வில்லியம் அன்தாங்கை மணந்து ஆறு பிள்ளைகளைப் பெற்றார். முழங்காலில் நகர்ந்தே சமைத்தார், துவைத்தார், தரை மெழுகினார். கம்பளிக் காலுறை பின்னி விற்றார். காலில்லாதவர் பிறர் காலுக்குப் பின்னியதை நினைத்தால் மனம் கலங்குகிறது. ஏழைக் குடும்பத்துக்குச் சபை மக்கள் அவ்வப்போது உதவினார்கள். அதற்குக் கைம்மாறாக ஆண்டுக்கொரு முறை பிள்ளைகளோடு போய், வழிபாட்டுக் கூடத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவார்.

1915இல் சீடர் சிட்டியிலேயே இறந்தார்.