அழித்த கோப்பு எங்கே போகிறது?

தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் வண்டலூர் வரைக்கும், அங்கிருந்து கேளம்பாக்கம் சாலையிலும் பொறியியல் கல்லூரிகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு லினக்ஸ் ஆய்வகம் உண்டு. அதன் சர்வரைக் கட்டிக் காக்க ஒரு சிஸ்டம் அட்மினும் உண்டு. அவருக்கு என்றாவது ஒரு நாள் இந்தச் சிக்கல் வந்தே தீரும். வட்டு நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வருகிறது. ‘டிஎஃப்’ கட்டளை 100 சதவீதம் என்கிறது. ‘டியூ’ கட்டளையால் துழாவினால், ஒரு லாக் கோப்பு மட்டும் 40 ஜிபிக்கு வீங்கிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘ஆர்எம்’ அடித்து அதை அழிக்கிறார். ‘எல்எஸ்’ போட்டுப் பார்த்தால் கோப்பு இல்லை. நிம்மதியாக மறுபடி ‘டிஎஃப்’ அடிக்கிறார். அதே 100 சதவீதம்.

கோப்பு போய்விட்டது, அது அடைத்திருந்த இடம் மட்டும் போகவில்லை. இது எப்படி?

யூனிக்ஸ் குடும்பத்து இயங்குதளங்களில் கோப்பும் அதன் பெயரும் ஒன்றல்ல. கோப்பின் உரிமையாளர் யார், அளவு என்ன, யாருக்கு என்ன அனுமதி, தரவு வட்டில் எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் ஐநோடு என்ற ஏட்டில் பதிவாகியிருக்கும். அந்த ஏட்டில் பெயர் மட்டும் இருக்காது. பெயர் இருக்கும் இடம் கோப்புறை. அங்கே பெயருக்கு நேரே ஐநோடின் எண் குறிக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். ‘எல்என்’ கட்டளையால் ஒரே கோப்புக்கு இன்னொரு பெயரும் சூட்டலாம். இரண்டுக்கும் சம உரிமை, இதில் அசல் நகல் என்ற பேச்சில்லை. ‘எல்எஸ் -எல்’ காட்டும் பட்டியலில் அனுமதிகளை அடுத்து வரும் எண், அந்தக் கோப்புக்கு எத்தனை பெயர்கள் என்பதைத்தான் சொல்கிறது.

‘ஆர்எம்’ செய்வது ஒரு பெயரை எடுத்துவிடுவது மட்டுமே. பெயர்களின் எண்ணிக்கை சுழியத்துக்கு வந்து, அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் கடைசி நிரலும் பிடியை விட்ட பிறகுதான் இடம் விடுபடும். நம் அட்மினின் சிக்கல் அங்கேதான். லாக் எழுதும் வெப்சர்வர் இன்னும் அந்தக் கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ‘எல்எஸ்ஓஎஃப்’ கட்டளை அதைக் காட்டிக் கொடுக்கும்: கோப்பின் பெயரையும் போட்டு, பக்கத்திலேயே ‘அழிக்கப்பட்டது’ என்றும் குறித்திருக்கும். வெப்சர்வரை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் இடம் திரும்பிவிடும். தவறிப்போய் வேண்டிய கோப்பை அழித்துவிட்டோம் என்றால் நிரலை நிறுத்தக் கூடாது. ‘ப்ராக்’ கோப்புறைக்குள் போய், நிரலின் பிடியில் இருக்கும் அந்தப் பெயரற்ற கோப்பை ‘சிபி’ கட்டளையால் நகலெடுத்து மீட்டுவிடலாம்.

அழிவு என்றால் என்ன என்பது தத்துவவாதிகள் நெடுங்காலமாக வாதாடி வரும் கேள்வி. சாங்கியர்களும் சைவ சித்தாந்திகளும் சற்காரியவாதம் என்னும் கட்சியைச் சேர்ந்தவர்கள். இல்லாதது தோன்றுவதில்லை, இருப்பது இல்லாமல் போவதில்லை என்பது அவர்கள் வாதம். குடம் உடைந்தால் மண்ணில் ஒடுங்குகிறது. உலகம் அழிந்தால் மாயையில் ஒடுங்குகிறது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் அமைத்த சிவஞானபோதத்தில் இந்த ஒடுக்கம் முதல் சூத்திரத்திலேயே வந்துவிடுகிறது. நியாய வைசேடிகர்கள் இதை ஏற்கவில்லை. குடம் உடைந்த நொடியில் அதன் இன்மை பிறக்கிறது, அந்த இன்மைக்குத் தொடக்கம் உண்டு, முடிவு கிடையாது என்றார்கள். இரண்டு கட்சிகளையும் தமிழில் ஆழமாக எழுதியவர் ஒருவரே என்பது நினைத்து மகிழ வேண்டிய செய்தி: 1785-இல் மறைந்த சிவஞான முனிவர். சிவஞானபோதத்துக்கு மாபாடியம் கண்ட அவர்தான், எதிர்க்கட்சியின் பாடநூலான தருக்க சங்கிரகத்தையும் தமிழாக்கினார். எதிராளியின் வாதத்தைத் தன் மொழியிலேயே நிறுத்திவைத்துவிட்டு அதோடு பொருதும் அந்த நேர்மை இன்றைய விவாத மேடைகளில் அரிது.

காந்த வட்டில் ‘ஆர்எம்’ அடிப்பதைப் பார்த்தால் சித்தாந்தி வென்றுவிட்டார் என்றே தோன்றும். தரவு இருந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறதே தவிர, வேறொன்று அதன்மேல் எழுதப்படும் வரை பழைய எழுத்துகள் அங்கேயேதான் கிடக்கின்றன. பழைய வன்தட்டை விற்ற பிறகு, வாங்கியவர் அதிலிருந்து குடும்பப் புகைப்படங்களை எடுக்க முடிவது இதனால்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது கணினிகளும் வீட்டோடு சேற்றில் கிடந்தன. நீரில் ஊறிய வன்தட்டை ஓட விடாமல், காய வைக்கவும் செய்யாமல் மீட்புக் கூடத்துக்குக் கொண்டுபோனால், உள்ளே இருப்பதை எடுக்க வாய்ப்புண்டு. கருவி செத்தாலும் அதில் எழுதியது சாகவில்லை.

ஆனால் எஸ்எஸ்டி வந்தபின் கதை திரும்பிவிட்டது. ‘எஃப்எஸ்டிரிம்’ என்ற கட்டளை உபுண்டுவில் வாரம் ஒருமுறை தானாக ஓடி, காலியான இடங்கள் இவை என்று வட்டுக்குத் தெரிவிக்கிறது. வட்டு அவற்றைத் தன் போக்கில் துடைக்கிறது. அதன்பின் மீட்பு ஏறக்குறைய நடவாத காரியம். வேடிக்கை என்னவென்றால், ஒரு கோப்பைத் திரும்பத் திரும்ப மேலெழுதிச் சிதைக்கும் ‘ஷ்ரெட்’ கட்டளையை இதே எஸ்எஸ்டியில் நம்ப முடியாது. வட்டு தேய்மானத்தைப் பரவலாக்குவதற்காகப் புதியதை வேறிடத்தில் எழுதிவிட்டு, பழையதை அப்படியே விட்டுவைக்கக்கூடும்.

மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31 அன்று நடந்தது நியாயவாதிக்கு வலுவான சாட்சி. களைத்துப்போன ஒரு பொறியாளர் காலி செய்ய வேண்டிய சர்வர் வேறு, ‘ஆர்எம்’ அடித்த சர்வர் வேறு. ஓரிரு நொடிகளில் சுதாரித்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் எஞ்சியது 4.5 ஜிபி. ஐந்து வகைக் காப்பு நகல் ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் சரியாகக் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முந்தைய ஒரு நகல் தற்செயலாக இருந்ததால் பிழைத்தார்கள். இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் பயனாளர்கள் எழுதியவை திரும்பி வரவே இல்லை. நடந்ததை அந்த நிறுவனம் மறைக்காமல் உலகுக்கே எழுதிவைத்தது பாராட்டுக்குரியது.

இரண்டு கட்சியும் பொருளை மட்டுமே பார்க்கின்றன. அட்மினின் அனுபவமோ வேறொன்றைச் சொல்கிறது: அழிவு என்பது பொருளுக்குள் நடப்பது மட்டுமல்ல, அதைப் பிடித்திருப்பவர்களுக்கும் அதற்கும் இடையே நடப்பது. அமாவாசைத் தர்ப்பணத்தில் தந்தை, பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்கிறார்கள். அடுத்த தலைமுறை வந்ததும் மேலே ஒரு பெயர் விடுபடுகிறது. பெயர் சொல்லி எள்ளும் நீரும் விட ஒருவர் இருக்கும் வரை அந்த முன்னோர் முழுவதும் போய்விடவில்லை.

நீதிமன்றங்களுக்கும் இதே கேள்வி வந்திருக்கிறது. 2014-இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஒரு ஸ்பானியரின் பெயரைப் போட்டுத் தேடினால் அவருடைய பழைய கடன் பற்றிய செய்தி வராதபடி, அதற்கான இணைப்பை நீக்குமாறு கூகுளிடம் கோரலாம் என்று தீர்ப்பளித்தது. செய்தித்தாளின் பக்கம் அப்படியே இருந்தது. அதற்குப் போகும் வழிதான் அடைபட்டது. அச்சு அசலாக ‘ஆர்எம்’ செய்வது இதுதான். நம் பக்கம், குற்ற வழக்கில் விடுவிக்கப்பட்ட ஒருவர் தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கக் கோரினார். சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி 2021-இல் மறுத்தார். 2024 பிப்ரவரியில் மதுரை அமர்வின் இரு நீதிபதிகள் ஏற்றார்கள். அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. தீர்ப்பு எல்லோருக்கும் பொதுவான ஆவணம் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் தேடுபொறியில் ஒரு பெயரை அடித்ததும் பழைய வழக்கு முதல் வரியில் வந்து நின்றால், விடுதலை ஆனவர் வேலைக்கும் வரனுக்கும் அலையும் ஒவ்வொரு வாசலிலும் மறுபடி குற்றவாளி ஆகிறார். பெயரை மட்டும் எடுத்துவிட்டுத் தீர்ப்பை விட்டுவைப்பதில் சட்டத்துக்கு எந்த நட்டமும் இல்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் தரவை அழிக்கக் கோரும் உரிமைக்கு வகை செய்கிறது. நிறுவனம் ‘அழித்துவிட்டோம்’ என்று பதில் அனுப்பும்போது, எடுத்தது பெயரையா பொருளையா, காப்பு நகல்கள் யார் பிடியில் என்று கேட்க மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது சர்வர் அறைகளில் இன்னொரு வழியும் புழங்குகிறது. வட்டு முழுவதையும் முதல் நாளிலிருந்தே மறையாக்கம் செய்துவிடுவது. கழிக்க வேண்டிய நாளில் அதைத் திறக்கும் சாவியை மட்டும் அழிப்பது. தரவில் ஒரு பிட்கூடக் குறைவதில்லை, ஆனால் அதை இனி எவராலும் படிக்க முடியாது. சாங்கியர் எல்லாம் இருக்கிறது என்பார். நியாயவாதி எதுவும் இல்லை என்பார். அந்த வட்டைக் கையில் வைத்திருக்கும் வண்டலூர் அட்மினுக்கு இருவர் பேச்சும் சரியாகவே படும்.