மாணாக்கர் மனமும் ஆசிரியர் கடனும்

எழுத்தறிவித்தலே ஆசிரியர் கடன். மாணாக்கரின் மனநோவை ஆராய்தல் அவர் கடனன்று என்பாரும் உளர். அது பொருந்துமாறு ஈண்டு ஆராயற்பாலது.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கடலூர்த் தேவனாம்பட்டினத்தையும் சிதம்பரத்தை அடுத்த கிள்ளைப் பகுதியையும் தாக்கிற்று. உற்றாரை இழந்த சிறார் பலர் அத்துயரோடே பள்ளிக்கு மீண்டனர். பேரிடர் கண்ட பிள்ளை உறக்கங்கெடும், பாடத்திற் கருத்தூன்றாது, வாய்திறவாது, காரணமின்றிச் சினக்கும். இவற்றைச் சோம்பலென்றும் முரட்டுத்தனமென்றும் கொண்டு ஒறுத்தல், குளிர்காய்ச்சலுற்றானை 'ஏன் நடுங்குகின்றாய்' என்று அடித்தலை ஒக்கும்.

அற்றேல், கண்டியாது விடின் ஒழுக்கம் கெடாதோ எனின், திருத்துதல் வேறு, அச்சுறுத்தல் வேறு. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று என்பது சித்தாந்தத் துணிபு. அச்சத்தைச் சார்ந்த பிள்ளை அச்சமயமாகும். அதன் அறிவு விளங்காது. கண்ணுக்குக் காணுந்தன்மை உண்டாயினும் ஒளியின்றிக் காணாதன்றோ? ஆதலின் மனத்தைப் பேணாது எழுத்தை மட்டும் அறிவித்தல் இருளிற் சுவடியை நீட்டுதலேயாம். 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் உடலொறுப்போடு மனத்துன்புறுத்தலையும் விலக்கிற்று.

100 மாணாக்கர்க்குக் குறையாத நிலையங்கள் மனநலப் பயிற்சியுடைய ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்துக என்றும், சிறியன வெளியிலுள்ள வல்லுநரோடு தொடர்பு கொள்க என்றும் 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் பணித்தது. இதனால் ஆசிரியர் கடன் தீர்ந்ததோ எனின், தீராது. நோய்க்கு மருந்தறிவார் வல்லுநர். பிள்ளையின் முகவாட்டத்தை முதற்கண் காண்பவர், நாடோறும் அதன் முன் நிற்கும் ஆசிரியரே. அவர் காணாதொழியின், வல்லுநரை அழைப்பார் யாவர்?